கரண்டியில் ஏறிய சிவப்பு

அசிங்கத்தைக் கண்டு முகம் சுளிக்கத் தெரியாதவள் காத்தாயி. வாந்தியோ பேதியோ, சாம்பலைத் தூவி வாரிக் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். பினாங்குக் கரையோரத்தில் தோணிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் அவளுக்குச் சமையல் வேலை. கப்பலிலிருந்து சரக்கை இறக்கித் தோணியில் கரைக்குக் கொண்டுவரும் ஆட்களுக்கு இரண்டு வேளையும் சோறாக்கிப் போட வேண்டும். யாராவது காய்ச்சலில் படுத்தால் கஞ்சி காய்ச்சி ஊட்டுவதும், உடம்பைத் துடைத்துவிடுவதும், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதும் அவள் தலையில்தான் விழும். அதற்குத் தனிக்கூலி கிடையாது. அவளும் கேட்டதில்லை.

இந்தப் பழக்கம் அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில் வந்தது. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து புருஷனோடு கப்பலேறி வந்தவள், அங்கே கரும்புத் தோட்டத்தில் வேலைக்கு நின்றாள். வந்த இரண்டாம் மழையில் தோட்டம் முழுக்கக் காய்ச்சல். வரிசையாகப் படுத்துக் கிடந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் தண்ணீர் கொடுத்தாள். பலர் எழுந்து நடந்தார்கள். அவள் புருஷன் எழவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு, தோணி ஏறி, தஞ்சோங்குக்கு வந்துவிட்டாள். பினாங்குப் பட்டணத்தை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

தோணிக்காரர்களுக்குப் படியளக்கிறவள் கடல். மாசி மகத்தன்று அவர்கள் கடலில் முழுகிவிட்டு வந்து, கல்லுப்புப் போடாமல் கடல்நீரிலேயே புளியைக் கரைத்துக் காய்ச்சி, சோற்றில் பிசைந்து, எல்லாருமாக ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வருஷத்தில் ஒருநாள் கடலம்மா கையால் உப்பு வாங்கித் தின்பதாக அவர்கள் நினைப்பு. கரையோரத்துச் சேற்றுத் தண்ணீரைத் தொட மாட்டார்கள். தோணியை வெளியே ஓட்டிப்போய், தெளிந்த இடத்தில் மண்குடங்களில் மொண்டுகொண்டு, மகத்தன்று விடியலில் கொண்டுவந்து இறக்குவார்கள். அன்றைக்கே காய்ச்சுவார்கள்.

ஜெர்மன் சண்டைக்கு முந்திய ஒரு மாசியில் இந்த முறை மாறியது. மாற்றியவள் காத்தாயி.

அந்த வருஷம் துறைமுகத்தில் கப்பல்கள் நெருக்கியடித்து நின்றன. மகத்தன்று காலையிலும் பாதிப் பேருக்கு வேலை இருந்தது. விடிந்த பிறகு தண்ணீர் வந்து, புளி ஊறி, காய்ச்சி இறக்குவதற்குள் உச்சிப்பொழுது தாண்டிவிடும் என்று அவள் யோசித்தாள். தோணிக்காரர்களுக்குத் தலைவர் சுப்பையா தண்டல். அவரிடம் போய்ச் சொன்னாள்.

"அண்ணே, தண்ணிய நாலு நாளைக்கு முந்தியே கொண்டாந்து வெச்சிருங்க. மகத்தன்னிக்கு ஒங்களுக்கும் ஓட்டமில்ல, எனக்கும் ஓட்டமில்ல."

"கொண்டாரலாம். மண்கொடத்துல அத்தன நாள் கெடந்தா நாறிப் போயிருமே, தாயி" என்றார் சுப்பையா. பிறகு முகம் மலர்ந்தது. "இரு, எங்கிட்ட ஒரு சாமான் இருக்கு. வந்து பாரு."

அவர் வீட்டுப் பின்புறத்தில் பெரிய செம்பு அண்டா ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அக்கரையில் ஒரு பழைய மரக்கப்பலை உடைத்தபோது, அதன் அடிப்பாகத்தில் பொதிந்திருந்த செம்புத் தகடுகளை வாங்கிவந்து, கடைத்தெருவில் பாத்திரம் அடிக்கும் கன்னாரிடம் கொடுத்து அடித்து வாங்கியிருந்தார். லயத்துக்கு அவர் தரும் காணிக்கை அது. அண்டாவை நிமிர்த்தி விரலால் சுண்டினார். மணி மாதிரிச் சத்தம் கேட்டது.

"நம்ம தோணிய வருசத்துக்கு எத்தன தடவ கரையேத்திச் சொரண்டுறோம்? கொட்டலசுச் சிப்பி அப்பிக்கிட்டு உசிர வாங்குதுல்ல? இந்தத் தகடு எத்தனையோ வருசம் கடல்ல கெடந்துச்சு. ஒரு கொட்டலசு ஒட்டல, ஒரு புழு தொளைக்கல. பூச்சி பொட்டு அண்டாத செம்பு தாயி இது. இதுல ஊத்தி வெச்சா தண்ணி எப்பிடிக் கெடும்?"

காத்தாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். பச்சைப்பிள்ளை வாய் மாதிரி அண்டாவின் உட்புறம் சிவந்து பளபளத்தது.

"ஈயம் பூசலையாண்ணே?"

"சமைக்கவா போற? தண்ணிதான? செம்புத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நீ."

அது உண்மைதான். லயத்துக் குடிதண்ணீரை அவள் செம்புக் குடத்தில்தான் வைத்திருந்தாள். செம்பில் தண்ணீர் வைக்கலாம், புளிப்பை வைக்கக் கூடாது. வைத்தால் களிம்பு ஏறும், குடலைப் புரட்டும். இந்த இரண்டும் அவளுக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம். கடல்நீர் இந்த இரண்டில் எதோடு சேரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மொண்ட அன்றைக்கே மண்சட்டியில் காய்ச்சியவர்களுக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தண்ணீர்தானே என்று அவளும் விட்டுவிட்டாள். ஈயம் பூசுகிறவன் இரண்டு சந்து தள்ளித்தான் இருந்தான்.

தண்ணீர் வந்தது. அண்டாவை நிரப்பி, வேப்பிலை கட்டி, துணியால் மூடி வைத்தார்கள்.

மகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் புளி ஊறப்போடத் துணியை விலக்கினாள். தண்ணீர் நின்ற மட்டத்தில் அண்டாவைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாக ஒரு வளையம். அடியில் லேசான கலங்கல். பாசி என்று நினைத்தாள். கடல்தண்ணீரில் பாசி இல்லாமல் இருக்குமா? ஈரத்துணியால் வளையத்தைத் துடைத்தாள். பாசி வழுக்கும். இது விரலில் மாவு மாதிரி நறநறத்தது. அவள் கை ஒரு கணம் நின்றது. பின்னால் அரிசி களைய வேண்டியது மலையாகக் கிடந்தது. துணியை உதறிப் போட்டுவிட்டு, தண்ணீரை மண்சட்டிகளுக்கு மாற்றினாள். தீர்த்தத்தை வீணாக்கக் கூடாது என்று அடியில் இருந்த கலங்கலையும் அண்டாவைச் சாய்த்து ஊற்றினாள். அதில்தான் புளி ஊறியது.

மறுநாள் புளிக்காய்ச்சல் கொதித்து இறங்கியது. சாமிக்குப் படைக்கும் முன் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. படைத்த பிறகும் எல்லாரும் சாப்பிட்ட மிச்சத்தைத்தான் அவள் சாப்பிட வேண்டும். காத்தாயி நாக்கில் ஒரு சொட்டும் வைக்கவில்லை.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். தேங்காய் நூர் பீவியிடம் வாங்கியது. நூர் பீவியின் அப்பா நாகூர்க்காரர், அம்மா மலாய்க்காரி. கம்போங் என்ற மலாய்க் குடியிருப்பிலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேங்காயும் பனைவெல்லமும் விற்பாள். புருஷன் கால் முடங்கிப்போய் வீட்டில் கிடந்தான். அந்தக் கூடையில்தான் அவர்கள் அடுப்பு எரிந்தது.

பந்தி தொடங்கியது. சரக்குக் கிட்டங்கியில் காவல் இருந்த கிழவர் நல்லமுத்து கதவோரத்தில் உட்கார்ந்திருந்தார். போன மாதம் சீதபேதியில் படுத்து எலும்பும் தோலுமானவர். காத்தாயிதான் கஞ்சியும் மோருமாகக் கொடுத்து உட்காரவைத்திருந்தாள். முதல் கவளத்தை வாயில் போட்டதும் அவர் முகம் கோணியது.

"என்ன காத்தாயி, வாயில காசை ஒதுக்கிக்கிட்ட மாதிரி இருக்கு?"

"ஒமக்கு எந்நேரமும் காசு நெனப்பு. படுக்கையில கெடந்தப்ப வெறுங்கஞ்சிக்கு அழுதீரே, இப்ப நாக்கு நீண்டுருச்சோ? மகத்துச் சோத்தக் கொற சொல்லாம சாப்புடும்."

"அவர் நாக்குக்குச் சீமைச் சாராயந்தான் ஒத்துக்கும்" என்று பக்கத்து இலைக்காரன் ராமதாஸ் சொல்ல, பந்தியே சிரித்தது. கிழவரும் சிரித்துக்கொண்டே விழுங்கினார். உடம்பு தேறட்டும் என்று காத்தாயி அவர் இலையில் இன்னொரு கரண்டி போட்டாள்.

இலையெடுக்கும் முன்பே முதல் ஆள் வெளியே ஓடினான். அப்புறம் நாலைந்து பேர். அப்புறம் லயமே குனிந்து நின்று கக்கியது. காத்தாயி தன் சோற்றைத் தொடவே இல்லை. சாம்பல் கூடையோடு ஓடியாடிக்கொண்டிருந்தாள். வாந்தியில் நீலச்சாயம் கலந்த பச்சை தெரிந்தது. எத்தனையோ பேருடைய வாந்தியை அள்ளியவள் அவள். இந்த நிறத்தை இதற்குமுன் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து கொடுக்கும் டிரஸர் வந்தார். தமிழர், நிதானமானவர். நாலைந்து பேரின் நாடியைப் பார்த்தார். வாந்தியைக் குச்சியால் தள்ளிப் பார்த்தார். காத்தாயியைக் கூப்பிட்டார்.

"எந்தப் பாத்திரத்துல சமைச்சே? செம்பு, பித்தளை ஏதாச்சும் உண்டா?"

அந்தப் பச்சை வளையம் அவள் கண் முன்னால் வந்து நின்றது. விரல் நுனியில் நறநறப்பு மறுபடி உறைத்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"மண்சட்டிங்கய்யா. புளியப் போயி யாராச்சும் செம்புல காய்ச்சுவாங்களா?"

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

"அப்ப வேற எதுவோ கெட்டுப் போயிருக்கு. வேற என்ன போட்டே?"

"தேங்காய்த் தொவையல். நூர் பீவிகிட்ட வாங்குன தேங்கா" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

டிரஸர் தலையாட்டினார். கெட்ட சாப்பாட்டை வெளியேற்ற எல்லாருக்கும் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார். காத்தாயிதான் கொடுத்தாள். இளவட்டங்கள் தாங்கினார்கள். நல்லமுத்துவின் உடம்பில் வெளியேற்ற ஒன்றும் மிச்சமில்லை. கண் உள்ளே போய், விரல் நுனி சுருங்கி, மறுநாள் மத்தியானம் அவர் காத்தாயியின் மடியில் அடங்கினார். அவள் அவரைக் குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிந்தாள்.

எரித்துவிட்டு எல்லாரும் திரும்பிய பிறகுதான் அவள் அடுப்படிக்குப் போனாள். புளிக்காய்ச்சல் சட்டி அப்படியே மூடிக் கிடந்தது. கால்வாசி மிச்சம். பரிமாறிய இரும்புக் கரண்டியை யாரோ அதற்குள்ளேயே போட்டிருந்தார்கள். எடுத்துக் கழுவினாள். காம்பு கறுப்பாகவே இருந்தது. புளியில் மூழ்கியிருந்த பாகம் மட்டும் சிவப்பாக இருந்தது.

துரு என்று நினைத்துச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். துருவாக இருந்தால் கையோடு வந்திருக்கும். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு பளபளத்தது. அண்டாவின் உட்புறம் எப்படிப் பளபளத்ததோ அப்படி. இரும்புக் கரண்டிக்குச் செம்புத்தோல் போர்த்தியிருந்தது. அந்தச் செம்பு புளிக்காய்ச்சலிலிருந்துதான் வந்திருக்க முடியும். புளிக்காய்ச்சலுக்கு அது தண்ணீரிலிருந்து வந்தது. தண்ணீருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

காத்தாயி கரண்டியை மடியில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தப்பிக்க இன்னும் ஒரு வழி இருந்தது: தேங்காயும் கெட்டிருக்கலாம். அந்த வழியையும் அடைக்க வேண்டியிருந்தது. எழுந்து, பிள்ளை பெற்று மாதம் ஆகாத வள்ளியம்மாவின் அறைக்குப் போனாள்.

"மகத்தன்னிக்கு நீ என்ன சாப்புட்ட?"

"பத்தியக்காரி நான், எனக்கு எங்க புளிச்சோறு? வெறுஞ்சோத்துல தொவையலத் தொட்டுக்கிட்டேன்க்கா. நல்லா இருந்துச்சுன்னு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்குனேனே."

"வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"எனக்கும் ஒண்ணுமில்ல, புள்ளைக்கும் ஒண்ணுமில்ல."

வழி அடைபட்டது.

மறுநாள் காலையில் அவள் ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய் டிரஸருக்காக வாசலில் காத்திருந்தாள்.

"அய்யா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். செம்பு வெசம் வயித்துக்குள்ள போனா என்ன குடுப்பீங்க?"

"பாலு, முட்டை வெள்ளைக்கரு. சீக்கிரமா குடுத்தா வெசத்தப் பிடிச்சிக்கும். வெளக்கெண்ணெ கூடாது. ஏன் கேக்குறே?"

"தெரிஞ்சுக்கலாம்னு."

"நல்லது. நாலு பேரைப் பாத்துக்கிறவ நீ. தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது" என்றார் அவர்.

அந்த நல்ல வார்த்தையைச் சுமந்துகொண்டு அவள் திரும்பி வந்தாள். லயத்துப் பின்கட்டில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கூடையில் ஏழெட்டு முட்டை கிடந்தது. மகத்தன்றும் கிடந்தது.

அன்றைக்கே நூர் பீவி வந்தாள். முன்வாசலில் வர விடமாட்டார்கள் என்று கொல்லைப்பக்கமாக வந்தாள். தலையில் கூடை இல்லை.

"அக்கா, லயத்துப் பயலுவோ என் கூடைய எத்தித் தள்ளிட்டானுவோ. கம்போங்குலயே வாங்க மாட்டேங்கிறாங்க. பாசார்ல போயி உக்காந்தேன், 'ஆளைக் கொன்ன தேங்கா'ன்னு சொல்றாங்க லா. நீதானே ஒவ்வொண்ணா ஒடச்சே? மோந்து பாத்துத்தானே தொருவுனே? அழுகுன வாடை வந்துச்சா?"

"வரல."

"அத அவங்ககிட்ட சொல்லு."

காத்தாயி அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "நான் சொன்னா கேப்பாங்களா?" என்றாள்.

"ஒன் பேச்சக் கேக்காம யார் பேச்சக் கேப்பாங்க? கடுக்கா குடின்னா குடிக்கிறான், கெடன்னா கெடக்கிறான்." நூர் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ரெண்டு நாளா அவருக்குக் கஞ்சித் தண்ணிதான். சோறு கேட்டு வரல நான். ஒரு வார்த்தை கேட்டுத்தான் வந்தேன்."

காத்தாயி மடியில் கரண்டி இருந்தது. அதன் முனை வயிற்றில் குத்தியது. அடுப்பில் விறகைத் தள்ளினாள். நூர் பீவி போன பிறகு, ஒரு நோயாளி உதவி கேட்டும் இப்படி வாயை மூடிக்கொண்டு நின்ற வேறொருத்தியை என்ன சொல்லித் திட்டியிருப்போம் என்று யோசித்தாள். திட்டுகள் நிறையவே தெரிந்திருந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனியாண்டி மரத்தடியில் தோணிக்காரர்கள் கூடுவார்கள். காத்தாயி போய் நடுவில் நின்றாள். பெண்பிள்ளைகள் அங்கே பேசுவதில்லை. சுப்பையா, "என்ன தாயி?" என்றார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "தேங்கா கெடல. கெட்டது தண்ணி. ஈயம் பூசாத செம்புல நாலு நாள் கடல்தண்ணிய வெச்சிருந்தேன். முந்தியே கொண்டாங்கன்னதும் நான்தான். பச்சை பூத்து இருந்துச்சு, பாத்தேன். தொடச்சேன். அதுலயே புளியக் கரைச்சேன். டிரஸர் செம்பான்னு கேட்டாரு. மண்சட்டின்னு சொல்லிட்டேன்."

முனியாண்டிக்குப் பூசை செய்யும் பூசாரி முதலில் வாயைத் திறந்தார். "கடலம்மா தண்ணி வெசமாகுமா? பேசுறதப் பாத்துப் பேசு."

"சிநேகிதிக்காகப் பழியத் தூக்கிப் போட்டுக்குது அக்கா" என்றான் ராமதாஸ்.

காத்தாயி கரண்டியை எடுத்து சுப்பையாவிடம் நீட்டினாள். "துருன்னு நெனச்சா சொரண்டிப் பாருங்க."

சுப்பையா இடுப்புக் கத்தியை எடுத்துச் சுரண்டினார். கத்தி முனையில் சின்னச் சின்னச் சிவப்புத் துணுக்குகள் மின்னின. அடியில் கறுப்பு இரும்பு தெரிந்தது. வாழ்நாள் முழுக்கத் தோணி அடியைச் சுரண்டிய கை அது. அந்தத் துணுக்குகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் பார்த்தார்.

"கொட்டலசு ஏன் ஒட்டலைன்னு..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கடலில் பிழைக்கிறவர்கள். கடல்நீர் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்கிறது. தின்ற தண்ணீர் பட்டுத்தான் புழுவும் கொட்டலசும் சாகின்றன. பரந்த கடலில் அந்த விஷம் கப்பலின் அடியோடு நின்றுவிடும். அண்டாவில் நாலு நாள் அடைத்து வைத்தால் போக வேறு இடமில்லை. பூச்சி அண்டாத செம்பு என்று பெருமையாகச் சொன்னவர் அவர்தான்.

சுப்பையா எழுந்து அவளைக் கொஞ்சம் ஒதுக்கமாகக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தாயி, நடந்தது நடந்துபோச்சு. கெழவனும் எப்பிடியும் கொஞ்ச நாள்தான் இருந்திருப்பான். மகத்துத் தண்ணி ஆளைக் கொன்னுச்சுன்னு வெளிய தெரிஞ்சா, இனிமே இந்த லயத்துல மகம் நடக்காது. தேங்கான்னே இருக்கட்டும். நூர் பீவிய நம்ம ஆளுங்க யாரும் தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்கிறேன்."

அது மோசமான யோசனையில்லை. அவள் வேலையும் தப்பும், அவர் பேரும் தப்பும். ஒரு இரவு தூங்கினால் காத்தாயிகூட அதற்குச் சம்மதித்திருப்பாள். தன்னைப் பற்றி அவளுக்கு அது தெரிந்திருந்தது. அதனால் அன்றைக்கே கிளம்பினாள்.

"கடல் ஒண்ணும் பண்ணலண்ணே. அது செம்பைத் தின்னுச்சு. தின்ன வெச்சது நீங்களும் நானும். ஒங்களப் பத்தி நான் பேச மாட்டேன். என்னையப் பத்திப் பேச ஒங்க உத்தரவு வேணாம்."

கம்போங்குக்குப் போய் நூர் பீவியின் வாசலில் நின்று, மரத்தடியில் சொன்னதையே திரும்பச் சொன்னாள். நூர் பீவி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் வந்தப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கஞ்சித் தண்ணின்னு நான் சொன்னப்ப?"

"தெரியும்."

நூர் பீவி வெற்றிலையைத் துப்பினாள். "சரி, நட. வீடு வீடாப் போயி சொல்லு. நான் ஒன்கூட நடக்க மாட்டேன். நீ முன்னால போ. நான் கூடையோட பின்னால வரேன்."

அப்படியே போனார்கள். காத்தாயி ஒவ்வொரு கதவையும் தட்டி, கரண்டியைக் காட்டி, அதே நாலு வாக்கியத்தைச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி கரண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயோ, எங்க வீட்டு அண்டாவும் ஈயம் போயித்தான் கெடக்கு" என்று உள்ளே ஓடினாள். பின்னால் பத்தடி தள்ளி நூர் பீவி நின்று, "தேங்கா, நல்ல தேங்கா" என்று ஒவ்வொரு வாசலிலும் ஒருமுறை மட்டும் கூவினாள். திரும்பி வருவதற்குள் கூடையில் பாதி காலியாகியிருந்தது.

கடைசி வீடு நல்லமுத்துவின் அக்காள் மகள் சீதையுடையது. அவள் மாவு அரைத்துக்கொண்டே கேட்டாள். குழவி நிற்கவில்லை.

"மாமா வாயில காசு மாதிரி இருக்குன்னு சொன்னாராமே?"

"சொன்னாரு."

"ரெண்டாவது கரண்டி நீதான் போட்டியா?"

"நான்தான்."

"இதே கரண்டியா?"

"ஆமா."

சீதை அரைத்துக்கொண்டே இருந்தாள். காத்தாயி மாவு முழுவதும் அரைபடும் வரை நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பினாள்.

லயத்தில் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்த வேளை யார் சமைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நிறுத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சுப்பையா அண்டாவைக் கன்னாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மகமும் நின்றுபோகவில்லை, பழையபடி மண்குடத்தில், அன்றைய தண்ணீரில் நடந்தது. முதல் இரண்டு வருஷம் பந்தியில் பாதிப் பேர்தான் உட்கார்ந்தார்கள். நூர் பீவி தேங்காய் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் காத்தாயி கண்ணெதிரே உடைத்து, மோந்து பார்க்கச் சொல்லித்தான் கொடுத்தாள். அக்கா என்று மட்டும் கூப்பிடவில்லை.

காத்தாயி ஒரே ஒரு விஷயத்தை மாற்றிக்கொண்டாள். தினமும், மகமானாலும், உலையை இறக்கியதும் ஒவ்வொன்றிலும் ஒரு கவளம் அவளே முதலில் சாப்பிட்டாள். பூசாரி பதறினார். "சாமிக்குப் படைக்குமுந்தி எச்சில் பண்றியே, பாவமில்லையா?"

"சாமிக்கு ஒண்ணும் ஆகாது. மனுசனுக்குத்தான் ஆகும்" என்றாள். அடுத்த கவளத்தையும் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

சண்டை வந்தது, போனது. ரப்பர் விலை ஏறியது, விழுந்தது. சுப்பையா ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். லயத்தில் புதிய ஆட்கள் வந்தார்கள். மகத்துக் கதை அவர்களில் யாருக்கும் தெரியாது. நரைத்துப் போன சமையற்காரி மற்றவர்களுக்கு முன்னால் தட்டில் போட்டுக்கொண்டு தின்பதை அவர்கள் கண்டார்கள். தின்றுவிட்டு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதற்குள் யார் கத்தினாலும் சோறு வராது. நேரம் ஆனதும் எழுந்து கரண்டியால் சட்டியைத் தட்டுவாள். சிரட்டைக் கரண்டி அது. அந்த மகத்துக்குப் பிறகு அந்த அடுப்படியில் இரும்புக் கரண்டி புழங்கியதில்லை. கூரைக்கம்பில் ஒன்று தொங்கியது. சிவப்பெல்லாம் கறுத்துப் போய், வெறும் பழைய கரண்டியாக.

ஒரு மாசி மகத்தன்று, கப்பலிலிருந்து புதிதாக இறங்கிய பையன்கள் பசியோடு கதவோரத்தில் நின்றார்கள். உள்ளே கிழவி புளிச்சோற்றை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன ஆத்தா, ஆக்குறவளுக்குத்தான் மொத எலையா? பசி பொறுக்கலையோ?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

காத்தாயி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்துப் பார்த்தாள். புளிப்பு இருந்தது, உப்பு இருந்தது, வேறெதுவும் இல்லை. இருந்தும் நேரம் ஆகவில்லை.

"ஆமாப்பா, பொறுக்கல" என்றாள். "கொஞ்சம் இருங்க."

அந்தப் பையன்கள் நின்றுகொண்டிருந்த, முன்பு நல்லமுத்து உட்கார்ந்திருந்த கதவோரத்தையே பார்த்துக்கொண்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, மெதுவாக மெல்லத் தொடங்கினாள்.